ஓவர்லாக் டெய்லர் ஒருவரின் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையும் வேலையும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஆறு ஆண்டுகளாக ஓவர்லாக் டெய்லராக (துணி ஓரங்களைத் தைக்கும் மிஷினில்) இருந்த 42 வயதுப் பெண்ணைப் பற்றிய பதிவு இது. காலம் 2023 ஏப்ரல் முதல் 2024 செப்டம்பர் வரை. ஆளும் கம்பெனியும் மருத்துவமனையும் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். இதில் வரும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) விதிகள் அந்தக் காலத்தில் நடப்பில் இருந்தவை. இப்போது விண்ணப்பிப்பவர்கள் நடப்பு விதியை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருக்கு ஒரு ஷிப்டுக்கு 460 ரூபாய். ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவார். ஓவர்டைம் சேர்த்தால் நாள் சராசரி 520, மாதம் ஏறக்குறைய 13,500 ரூபாய். கணவருக்குச் சாயப்பட்டறையில் தினக்கூலி. வேலை இருந்தால்தான் காசு. மகள் கல்லூரி முதலாண்டு. வாரம் தவறாமல் கட்டவேண்டிய குழுக் கடனும் ஒன்று இருந்தது. வேலையை விடலாமா வேண்டாமா என்ற கேள்வி இந்தக் கணக்குக்குள்தான் எழுந்தது.

ஏப்ரல் மாதம் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. மே மாதம் பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியானது. கட்டி 3 செ.மீ., அக்குளில் நெறி கட்டியிருந்தது. கட்டியில் ஹார்மோன் ஏற்பி உண்டு, ஹெர்-2 புரதம் இல்லை. மருத்துவர்கள் வகுத்த திட்டம்: முதலில் மார்பையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் நீக்கும் அறுவை. அடுத்து டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு சேர்ந்த கீமோ, 21 நாளுக்கு ஒருமுறை நான்கு சுற்று. பிறகு பேக்ளிடாக்செல் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. அதன்பின் 15 நாள் கதிர்வீச்சு. கடைசியாக டாமொக்ஸிஃபென் 20 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று, குறைந்தது ஐந்து ஆண்டுகள்.

ராஜினாமாக் கடிதம்

சமூகப் பணியாளரைப் பார்க்க வந்தபோது அவர் கையில் ராஜினாமாக் கடிதம் எழுதித் தயாராக இருந்தது. "எழுதிக் குடுத்துட்டா பி.எஃப். பணம் கைக்கு வந்துருமுங்க. அத வெச்சு வைத்தியம் பாத்துக்கலாமுன்னு இருக்கறமுங்க" என்றார் கணவர். இந்த ஒரு தாள் கம்பெனிக்குப் போயிருந்தால் கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை நடந்திருக்காது.

முதல் காரணம், ராஜினாமா செய்தவுடன் பி.எஃப். வந்துவிடாது. வேலையில்லாமல் ஒரு மாதம் கழிந்தால் 75 சதவீதம், இரண்டு மாதம் கழிந்தால் மீதி என்பதே அன்றைய விதி. வேலையில் இருந்துகொண்டே புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்பணம் எடுக்க பி.எஃப். திட்டத்தின் 68ஜே பத்தி இடம் தந்தது: படிவம் 31, ஆறு மாத அடிப்படைச் சம்பளம் அல்லது தொழிலாளியின் பங்கு, இரண்டில் எது குறைவோ அது. பி.எஃப். பிடித்த சம்பளம் மாதம் 9,000 என்பதால் இவருக்கு 54,000 ரூபாய் கிடைத்தது.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. இ.எஸ்.ஐ. வெறும் மருத்துவச் சீட்டு அல்ல, நோய்க்காலத்தில் சம்பளத்தில் ஒரு பங்கையும் தருகிறது. நோய்க்கால உதவித்தொகை சராசரி நாள் கூலியில் 70 சதவீதம். அடுத்தடுத்த இரண்டு பயன்காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 91 நாள் வரை கிடைக்கும். புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு, அந்த 91 நாள் தீர்ந்ததும் நீட்டித்த உதவித்தொகை 80 சதவீதமாகத் தொடரும். அது முதலில் 124 நாள். மருத்துவக் குழு பரிந்துரைத்தால் அதற்கு மேலும் நீளும். இரண்டு ஆண்டு தொடர்ச்சியான வேலையும் நான்கு பங்களிப்புக் காலங்களில் (சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கும் ஆறு மாதத் தவணைகள்) 156 நாள் பங்களிப்பும் வேண்டும். ஆறு ஆண்டுக்காரரான இவருக்கு இரண்டும் இருந்தன. உதவித்தொகை பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்பது இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு.

அக்கம்பக்கத்தார் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வைத்தியம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்தத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கும், சம்பள இழப்பை ஏற்காது. ஆகவே இ.எஸ்.ஐ. மருந்தகம், இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் கோவையில் உள்ள ஒப்பந்த மருத்துவமனை என்ற வழியே முடிவானது. ராஜினாமாக் கடிதம் கம்பெனிக்குப் போகவில்லை.

கம்பெனியில் யாரிடம் எவ்வளவு சொல்வது

அலுவலகத்துக்கும் லைன் சூப்பர்வைசருக்கும் நோயின் பெயரையும் சிகிச்சைத் தேதிகளையும் முழுதாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு "ஆபரேஷன்" என்பதோடு சரி. ஆனால் முதல் சுற்று முடிந்த மூன்றாம் வாரம் முடி கொட்டியதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஓரிருவர் தண்ணீர்க் குடத்தையும் சாப்பாட்டு இடத்தையும் விலக்கினார்கள். புற்றுநோய் தொத்தாது என்பதையும், கீமோ போட்டவருக்குத்தான் மற்றவர்களின் சளியும் இருமலும் ஆபத்து என்பதையும் சூப்பர்வைசரே மதிய இடைவேளையில் எடுத்துச் சொன்னார். வெளியிலிருந்து வந்த யார் சொல்லியிருந்தாலும் இவ்வளவு எடுபட்டிருக்காது என்பது எங்கள் கணிப்பு.

நாள் குறித்தது

அறுவை 2023 ஜூன் 12-க்குப் பின் அந்த வாரத்திலேயே நடந்தது. மருத்துவச் சான்று ஜூன் 12 முதல் ஜூலை 12 வரை 31 நாள். நோய் தொடங்கும் முதல் இரண்டு நாளுக்கு உதவித்தொகை இல்லை என்பதால் கணக்கில் ஏறியது 29. முந்தைய சான்று முடிந்து 15 நாளுக்குள் அடுத்த சான்று தொடங்கினால் இந்த இரண்டு நாள் பிடித்தம் மறுபடி வராது. 21 நாள் சுற்றுக்கு இது முக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து நாள் மட்டும் ஓய்வெடுத்து 16 நாள் வேலைக்குப் போகிறவர், அடுத்த சுற்றில் மறுபடி இரண்டு நாள் பணத்தை இழப்பார்.

கீமோவுக்கு மருத்துவமனை முதலில் திங்கட்கிழமையைக் கொடுத்தது. வெள்ளிக்கிழமையாக மாற்றிக் கேட்டார்கள். வாந்தியும் சோர்வும் மோசமாக இருக்கும் இரண்டாம், மூன்றாம் நாட்கள் சனி, ஞாயிறில் விழும். ஞாயிறன்று கணவரும் மகளும் வீட்டில் இருப்பார்கள். இரத்தப் பரிசோதனையை வியாழனன்று முடித்துவிடலாம். தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 1,500-க்குக் குறையாமலும் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் குறையாமலும் இருந்தால்தான் மறுநாள் மருந்து ஏறும்.

எந்த நாட்களில் வேலை என்பதை வெள்ளை அணுக்கள் தீர்மானித்தன. இந்த மருந்தில் ஏழாம் நாளிலிருந்து அவை சரியத் தொடங்கி, பத்து முதல் பதினான்கு நாளுக்குள் அடிமட்டத்தைத் தொடும். பலர் ஆறாம் நாள் உடம்பு தெளிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அது மிகத் தவறான நாள். இவருக்கு முதல் 13 நாள் சான்றில் ஓய்வு, 14 முதல் 21 வரை வேலை என்று வகுக்கப்பட்டது.

வேலையும் மாறியது. ஓவர்லாக்கிலிருந்து செக்கிங் மேசைக்கு. ஜன்னல் பக்க இடம், சாய்மானம் உள்ள நாற்காலி, ஒரு ஷிப்ட் மட்டும், டெய்லர் கூலியே தொடர்வது. பண்டலை யாராவது மேசைமேல் வைத்துக் கொடுக்க வேண்டும். அக்குள் கணுக்கள் எடுத்த இடது கையால் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. இருபது பேர் நெருக்கி உட்காரும் கம்பெனி வேனுக்குப் பதில் கணவரின் இருசக்கர வண்டி. பஞ்சுத் தூசுக்கு முகக்கவசம். வீட்டில் காய்ச்சிய தண்ணீர், மூடிய பாத்திரத்தில்.

ஜூலை 13 முதல் 20 வரை ஏழு நாள் இந்த ஏற்பாட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஜூலை 21 அன்று முதல் கீமோ போட்டார்கள். அன்று மாலை சிறுநீர் சிவந்து வந்ததும் இரத்தம் என்று பயந்து பாதி ராத்திரியில் கிளம்பப் பார்த்தார்கள். டாக்ஸோரூபிசினின் நிறமே அது. ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். முதல் நாளே சொல்லி அனுப்பவேண்டிய தகவல்.

சான்றிலும் ஒரு தடுமாற்றம் வந்தது. மருந்தக மருத்துவர் பொதுவாகத் தான் பார்த்த தேதியிலிருந்தே சான்று தருவார். பின்னால் போய் முன்தேதிக்குக் கேட்டால் சிரமம். முதல் சுற்றில் மருத்துவமனைச் சீட்டைக் காட்டிச் சமாளித்தார்கள். அடுத்த சுற்றிலிருந்து, கீமோ போட்ட அன்றே தரப்படும் சீட்டின் நகலுடன் கணவர் சனிக்கிழமை காலையில் மருந்தகத்தில் நின்றார். வங்கியில் பணம் ஏறத் தாமதமானதற்குக் காரணம் இன்னொன்று: ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருந்த இனிஷியல் இ.எஸ்.ஐ. பதிவில் முன்னால் இருந்தது. அதைச் சரிசெய்யும்வரை குழுக் கடனைக் காப்பாற்றியது பி.எஃப். முன்பணம்தான்.

ஞாயிறு இரவு

இரண்டாம் சுற்று ஆகஸ்ட் 11. பத்தாம் நாள் ஆகஸ்ட் 20, ஞாயிறு. இரவு ஒன்பது மணிக்குக் காய்ச்சல் 101.2 டிகிரி. 100.4 வந்தாலே நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று அச்சிட்ட தாள் வீட்டில் இருந்தது. ஆனால் மருந்தகம் திங்கள்தான் திறக்கும் என்று எண்ணி, பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கியது; அந்த நிம்மதி பொய்யானது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், உள்ளே தொற்று வளர்ந்துகொண்டே இருக்கும். காலை ஆறு மணிக்கு நடுக்கத்துடன் கொண்டுவந்தபோது நியூட்ரோஃபில் 280. வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை வீடு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை கீமோ என்ற நல்ல முடிவுக்குள் மறைந்திருந்த சிக்கல் இது. வெள்ளியன்று போட்டால் பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வரும். வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கும்போது வெளிநோயாளர் பிரிவு மூடியிருக்கும். அவசரத்துக்குப் பரிந்துரைக் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைக் குடும்பத்திடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் சுற்றிலிருந்து, கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து, வெள்ளை அணுவைக் கூட்டும் பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மி.கி. ஊசி போடப்பட்டது, காய்ச்சல் திரும்பவில்லை.

78 நாள்

ஆஸ்பத்திரியில் கிடந்ததால் ஆகஸ்டில் ஏழு நாள் வேலை நான்கு நாளானது. இது வேறொரு கணக்கைப் பாதித்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சம்பளம் பெற்றிருந்தால், அதற்குரிய பயன்காலமான அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை இ.எஸ்.ஐ. தகுதி நிற்கும், இடையில் வேலையே போனாலும் மருத்துவம் தொடரும். கதிர்வீச்சு அந்த ஜனவரியில்தான் வரவிருந்தது.

ஜூன் 10 வரை அவருக்கு 52 நாள் இருந்தது. ஜூலையில் 7, ஆகஸ்ட் தொடக்கத்தில் 7, மாதக் கடைசியில் 4, செப்டம்பர் 14 முதல் 21 வரை விநாயகர் சதுர்த்தி போக 6. மொத்தம் 76. இரண்டு நாள் குறைந்தது. கீமோ முடிந்த வாரத்தில் இழுத்துவந்து உட்காரவைக்கும் யோசனையும் ஒரு கட்டத்தில் எழுந்தது, மருத்துவர் மறுத்துவிட்டார்.

வழி தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. முந்தைய ஆண்டு 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒன்று என்று சம்பளத்துடன் கூடிய விடுப்பு அன்றைய விதிப்படி உண்டு. அந்த விடுப்புக்கும் சம்பளம் வருவதால் இ.எஸ்.ஐ. பிடித்தமும் உண்டு, பங்களிப்பு நாளாகவும் எண்ணப்படும். ஆனால் சம்பளம் வாங்கிய நாளுக்கு உதவித்தொகை கேட்கக்கூடாது. நான்காம் சுற்றின் செப்டம்பர் 22, 23, 25 ஆகிய மூன்று நாளையும் சம்பள விடுப்பாக எழுதி, சான்றை 26-இலிருந்து வாங்கினார்கள். கணக்கு 79. ஒரு நாள் கைக்காவல்.

வாராந்திர மருந்தும் விரல் நுனியும்

அக்டோபர் 13 அன்று பேக்ளிடாக்செல் தொடங்கியது, சதுர மீட்டருக்கு 80 மி.கி. வெள்ளி முதல் ஞாயிறு வரை ஓய்வு, திங்கள் முதல் வியாழன் வரை வேலை. வாந்தி இல்லை, வெள்ளை அணு சரிவும் குறைவு. எல்லாரும் மூச்சு விட்டார்கள். நவம்பர் 3 அன்று 91 நாள் தீர்ந்து, மறுநாளிலிருந்து 80 சதவீதக் கணக்கு ஓடத் தொடங்கியது.

இந்த மருந்தின் ஆபத்து நரம்பில். கை, கால் விரல் நுனிகளில் மதமதப்பு தொடங்கி, ஊசி ஊசியாக ஏறும். ஒவ்வொரு டோசுக்கும் அது கூடிக்கொண்டே போகும். ஐந்தாம் டோசுக்குப் பின் சட்டைப் பட்டன் போட மகளைக் கூப்பிட்டிருக்கிறார். மருத்துவமனையில் "கொஞ்சம் மரமரன்னு இருக்குதுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்ற பயம். மருத்துவரும் அவர் செக்கிங்கில் இருப்பதாகவே நினைத்திருந்தார்.

தீபாவளி விடுமுறை முடிந்து கம்பெனி திறந்தபோது ஆட்கள் பாதிப்பேர் ஊரிலிருந்து திரும்பவில்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கியது. "ரெண்டு நாள் மட்டும் ஓவர்லாக்ல உக்காருங்கக்கா, லைன் நிக்குது" என்று சூப்பர்வைசர் கேட்டார். ஆறு வருடப் பழக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். ஓவர்லாக்கில் இடது கை விரல்கள் துணியை ஊசிக்கு அருகில்வரை கொண்டுபோகும். கண் தையல் ஓரத்தில் இருக்க, ஊசிக்கு எவ்வளவு தள்ளி விரல் இருக்கிறது என்பதைத் தொடு உணர்ச்சிதான் சொல்லும். பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் பாத உணர்ச்சியைப் பொறுத்தது. இரண்டும் மங்கியிருந்தன. நவம்பர் 21, செவ்வாய், மதியத்துக்கு மேல் ஊசி ஆட்காட்டி விரல் நகத்தைத் துளைத்து உள்ளே ஒடிந்தது. அவருக்கு வலி தெரியவில்லை. துணியில் சிவப்பைப் பார்த்துப் பக்கத்து மிஷின்காரர்தான் கத்தினார். அதுவும் கணுக்கள் நீக்கிய இடது கை. சிறு காயமும் தொற்றாகி, கை வீக்கத்துக்கு வழிவகுக்கும்.

ஊசித்துண்டை எடுத்து, டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். புற்றுநோய் மருத்துவர் அடுத்த டோசிலிருந்து அளவை 60 மி.கி.யாகக் குறைத்தார், பன்னிரண்டும் டிசம்பர் 29 அன்று முடிந்தன. நவம்பர் 22 முதல் முழு ஓய்வு.

கதிர்வீச்சு

2024 ஜனவரி 22 முதல் பிப்ரவரி 12 வரை, குடியரசு தினமும் சனி ஞாயிறும் போக 15 நாள், மொத்தம் 40 கிரே. மேசையில் படுத்திருப்பது சில நிமிடம். கோவைக்குப் போய்வரத்தான் அரை நாளுக்கு மேல். இந்தக் காலத்தில் அவரை வேலைக்கு அனுப்ப யாரும் யோசிக்கவில்லை. அக்குள் பக்கம் தோல் கறுத்து உரிந்தது, பருத்தித் துணி மட்டும் படவிட்டு ஆற்றினார்கள். சான்று பிப்ரவரி 29 வரை நீடித்தது. நீட்டித்த உதவித்தொகையில் ஏறிய நாட்கள் 108, 124-ஐத் தொடவில்லை.

பணமும் வேலையும் எங்கே வந்து நின்றன

ஜூன் 12 முதல் பிப்ரவரி 29 வரை நலமாக வேலை பார்த்திருந்தால் வந்திருக்கக்கூடியது ஏறக்குறைய 1,16,000 ரூபாய். வந்தது: 91 நாளுக்கு சுமார் 33,000, 108 நாளுக்கு சுமார் 45,000, விடுப்பு உள்பட 50 நாள் கூலி 23,000. மொத்தம் 1,01,000. ராஜினாமா செய்திருந்தால் இதில் பெரும்பகுதி வந்திருக்காது.

மார்ச் 1 அன்று தகுதிச் சான்றுடன் செக்கிங்கில் சேர்ந்தார். டெய்லர் கூலியை மூன்று மாதம் தொடர்ந்து கொடுத்த கம்பெனி, ஜூன் முதல் செக்கிங் கூலிக்கு மாற்றியது. நாளுக்கு 90 ரூபாய் குறைவு. உதவித்தொகை பெறும் காலத்துக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு அதற்குப் பின் இல்லை. பேசிப் பார்த்தும் பலிக்கவில்லை. விரல் மதமதப்பு ஆகஸ்ட் வாக்கில் பெருமளவு குறைந்தாலும் ஆட்காட்டி விரலிலும் பெருவிரலிலும் மிச்சமிருந்தது. கை வீக்கம் இருக்கிறதா என்று செப்டம்பரில் டேப் வைத்து அளந்தபோது இரண்டு கைக்கும் இடையே வித்தியாசம் 2 செ.மீ.க்குள். ஓவர்லாக்குக்கு அவர் திரும்பவில்லை.

இன்னும் இரண்டு விளைவுகளை யாரும் முன்கூட்டிக் கணக்கிடவில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை 49 நாள் மட்டுமே சம்பளம் பெற்றதால் 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை சாதாரண நோய்க்கால உதவித்தொகைக்குத் தகுதி இல்லாமல் போனது. 2023-இல் 240 நாள் நிரம்பாததால் 2024-க்குச் சம்பள விடுப்பும் ஏறவில்லை. ஜூலையில் வந்த டெங்குக் காய்ச்சலுக்குப் பத்து நாள் கூலி முழுதும் போயிற்று.

அடுத்தவருக்கு மாற்றிச் செய்ய வேண்டியவை

வெள்ளிக்கிழமைத் தேர்வை மாற்றமாட்டோம். ஆனால் ஒவ்வொரு சுற்றின் பத்தாம், பதினொன்றாம் நாட்களுக்கு நேராக, இரவில் யாரை அழைப்பது, எந்த வண்டியில் போவது என்று நாட்காட்டியிலேயே எழுதி ஒட்டுவோம். வெப்பமானியின் உறையிலேயே 100.4 என்று எழுதி, காய்ச்சல் பார்க்காமல் பாராசிட்டமால் இல்லை என்பதை வீட்டில் இருக்கும் எல்லாரிடமும் சொல்வோம்.

நரம்புப் பாதிப்பை "மதமதப்பு இருக்கிறதா" என்று கேட்பதில் பயனில்லை. இல்லை என்றே பதில் வரும். பட்டன் போட, ஊசியில் நூல் கோக்க, தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்கச் செய்துபார்க்க வேண்டும், ஒவ்வொரு வாரமும் டோசுக்கு முன்னால். பட்டன் தடுமாறும் வாரமே மிஷினிலிருந்து விலக்க வேண்டும்.

சம்பள விடுப்பில் மீதமிருந்த நாட்களை அடுத்த பங்களிப்புக் காலத்துக்கும் சேர்த்துத் திட்டமிடுவோம். 78 எட்டாது என்று தெரிந்தால் அதையும் டிசம்பரிலேயே குடும்பத்திடம் சொல்லிவிடுவோம், கையில் கொஞ்சம் ஒதுக்கிவைக்க.

கம்பெனிக்கு வாய்மொழியாகச் சொன்னது லைன் நின்றதும் மறந்துபோனது. மருத்துவர் கையெழுத்துடன் ஒரு கடிதம் சூப்பர்வைசரின் மேசையில் இருக்க வேண்டும். அதில் நோயைப் பற்றி எதுவும் வேண்டியதில்லை: "இவர் இப்போதைய மருந்துச் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் வரையிலோ, நரம்பு மருத்துவப் பரிசோதனையில் தகுதி அளிக்கப்படும் வரையிலோ, எது பிந்தியதோ அதுவரை ஊசி, கத்தி, சூடான அயர்ன் உள்ள எந்த இயந்திரத்திலும் அமர்த்தப்படக்கூடாது. இடது கையால் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. ஒரு ஷிப்டுக்கு மேல் கூடாது." இதன் நகல் ஒன்று தொழிலாளியிடமும் இருக்க வேண்டும், கேட்கும்போது எடுத்துக் காட்ட.